மூன்றாவதாக நிற்பவர்

குணரத்தினம் பிளேசரைப் போட்டுக்கொண்டு வந்து நின்றதைக் கண்டதும் விமலநாதனுக்கு அருவருத்தது. கடும் நீலத் துணி, பித்தளைப் பொத்தான், இடது நெஞ்சில் தங்க நூலால் வாளேந்திய சிங்கம். ரொறன்ரோவில் ஒரு தையற்காரருக்குப் படத்தைக் காட்டித் தைப்பித்தது. முப்பத்தெட்டு வருடமாக இந்த மனுசன் மொன்றியலில் நடக்கும் ஒவ்வொரு தமிழ் உதைபந்தாட்டப் போட்டிக்கும் “முன்னாள் தேசிய வீரர்” என்று சொல்லி வந்து, முதற்பந்தை உதைத்துத் தொடக்கி வைக்கிறார். வயிறு பெருக்கப் பெருக்கப் புதிதாகத் தைப்பித்து, இப்போது இது நாலாவது பிளேசர்.

“எப்பிடி அண்ணை? வெளியீட்டு விழாவுக்கு இதுதான்” என்று குணரத்தினம் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

“நல்லாயிருக்கு” என்றார் விமலநாதன். சொன்ன கையோடு தன் வாயை நினைத்தே வெறுத்தார். சீ, எத்தனை வருடமாக இந்த நல்லாயிருக்கு!

சென்ட் லோரன்டில் இரண்டு பெரிய களஞ்சியங்களுக்கு நடுவே இருந்தது குணரத்தினத்தின் விழா மண்டபம். பெண்பிள்ளைகள் பெரியவளானால் செய்யும் சாமத்திய வீடு, பிறந்தநாள், அரங்கேற்றம் எல்லாம் அங்கேதான். அதன் பின்பக்க அலுவலக அறையில், மேசைமேல் விமலநாதனின் புத்தகத்தின் அச்சுப்படி கிடந்தது. இலங்கைத் தேசிய உதைபந்தாட்ட அணியின் வரலாறு. பதினொரு வருட வேலை, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

அப்படி ஓர் அணிக்கு வரலாறு வேறு ஒரு கேடா என்று மனைவி புஷ்பராணி எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். அவள் கேட்டதிலும் பிழையில்லை. வெயிலில் தோற்றார்கள், மழையில் தோற்றார்கள், வெளியூரில் தோற்றார்கள், சொந்த மைதானத்தில் சொந்தச் சனம் பார்த்திருக்கத் தோற்றார்கள். தொண்ணூற்றைந்தில் கொழும்பில் ஒரேயொரு தெற்காசியக் கிண்ணம். அதைவிட்டால் தரவரிசையில் இருநூறாம் இலக்கத்தைச் சுற்றிச் சுற்றி வரும் சீவியம். ஒருமுறை உலகச் சம்மேளனமே பிடித்து இடைநிறுத்தி வைத்தது. ஆனாலும் விமலநாதன் இளமையில் கொழும்பிலே ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதியவர். இரவல் சப்பாத்தோடு ஓடியவர்களை, வலைக்குள் போன பந்தை ஒன்பதாம் தரமும் குனிந்து எடுத்த கோல்காப்பாளரை, அவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர். தோற்றவர்களின் பெயர்களையாவது ஒருவர் ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு.

“எண்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்கோ” என்றார் குணரத்தினம்.

விமலநாதனுக்குப் பார்க்கத் தேவையில்லை. எண்பத்திரண்டாம் ஆண்டு அணியின் படம் அது. பழைய பத்திரிகைத் துண்டிலிருந்து எடுத்ததால் முகங்கள் எல்லாம் கரிப்புள்ளிகள். கீழே பெயர்கள் வரிசையாக இருந்தன. மேலதிக கோல்காப்பாளரின் பெயர், தண்ணி வாளியோடு நின்றவரின் பெயர்கூட இருந்தது. நிற்பவர்களில் இடமிருந்து மூன்றாவது ஆளுக்கு மட்டும் ‘பெயர் தெரியவில்லை’ என்று போட்டிருந்தார்.

“உதிலை என்ரை பேரைப் போடுங்கோ அண்ணை.”

“படத்திலை நிக்கிறது நீர் இல்லையே.”

“முகம் ஆருக்கு விளங்குது? முப்பத்தெட்டு வருசமா சனம் நானெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்குது. இப்ப வரலாற்றுப் புத்தகம் வந்து, அதிலை என்ரை பேர் இல்லையெண்டால் நாலுபேர் என்ன கதைப்பினம்? அச்சுச் செலவும் நான், மண்டபமும் நான், சாப்பாடும் நான். ஒரு பேர்தானே கேக்கிறன்.”

“பாப்பம்” என்றார் விமலநாதன். மண்டபத்துக்கு வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது வாய் கசந்தது. குப்பைத் தொட்டியைத் தேடிப்போய்க் காறித் துப்பினார்.

அவருக்கு அருவருப்பு குணரத்தினத்தின்மேல் மட்டுமில்லை. அந்தப் பொய்யைப் பெற்றவர் குணரத்தினம் அல்ல. பெற்றவர் விமலநாதன்.

எண்பத்தேழாம் ஆண்டு. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீடு, குளிருக்குக் கடதாசி ஒட்டிய யன்னல், ஒரு குசினி மேசை. அகதி விசாரணைக்குப் போகிறவர்கள் தங்களுக்கு ஊரில் நடந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குச் சனம் வைத்த பெயர் ‘கேஸ்’. ஆங்கிலம் எழுதத் தெரிந்த விமலநாதனிடம் கேஸ் எழுதுவிக்க ஆட்கள் படிக்கட்டில் வரிசையாக இருந்தார்கள். ஒரு சதமும் வாங்காமல் எழுதினார். புண்ணியவான் என்று சொன்னார்கள். அந்தச் சொல் அவருக்கு அப்போது நன்றாகத்தான் இனித்தது.

இருபத்தைந்து வயதுக் குணரத்தினம் அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

“உமக்கு ஊரிலை என்ன நடந்தது?”

“பயம் அண்ணை.”

“பயம் எல்லாருக்கும்தான். உமக்கு என்ன நடந்தது?”

“எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. நடக்கிறதுக்கு முதல் ஓடி வந்திட்டன்.”

அதை எப்படி எழுதுவது? உண்மையான பயம்தான். அவன் ஒழுங்கையில் எட்டு வீட்டுப் பொடியன்களை ராணுவம் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஒன்பதாவது வீடு அவனுடையது. ஆனால் எட்டு வீட்டில் நடந்ததைச் சொன்னால் உனக்கு என்ன என்று கேட்பார்கள் என்று விமலநாதன் நினைத்தார். பொடியன் கண்கலங்கிக்கொண்டு இருந்தான். அப்போதுதான் அவருக்கு மரியதாசனின் ஞாபகம் வந்தது.

மரியதாசன் குருநகர்ப் பொடியன். இலங்கை அணிக்கு இடதுபக்க முன்வரிசையில் நாலு ஆட்டம் ஆடியவன். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில், கொழும்பில் ஒரு பஸ் தரிப்பில் காடையர்களிடம் அகப்பட்டான். தேசிய அணியின் பிளேசர் அவனுடைய பையில் இருந்தது. நாட்டுக்கு விளையாடுகிறவனை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பி, அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கையை உயர்த்தினானாம். அவர்கள் பிளேசரைக் கழற்றி அவன் கண்முன்னே பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். எந்தக் காலால் பந்தை அடிப்பாய் என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொன்னான். அந்தக் காலை இரும்புக் கம்பியால் அடித்து முறித்தார்கள். அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போன கப்பலில் விமலநாதனுக்குப் பக்கத்தில் படுத்திருந்து இதையெல்லாம் சொன்னான். விமலநாதன்தான் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டார்.

நாலு வருடம் கழித்து, அந்தச் சோற்றுக்கு அவனுடைய கதையை எடுத்துக்கொண்டார். அவன் ஊரிலோ இந்தியாவிலோ இருக்கிறான், இங்கே எங்கே வரப்போகிறான் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். பிளேசர், பெற்றோல், கேள்வி, கால் எல்லாவற்றையும் குணரத்தினத்தின் பெயரில் எழுதினார். மரியதாசன் மூன்றாவதாக நின்ற அந்த எண்பத்திரண்டாம் ஆண்டுப் பத்திரிகைப் படத்தின் பிரதியையும் இணைத்துவிட்டார். ஒரு கிழமை அந்தக் குசினிக்குள் குணரத்தினத்தை நொண்டி நடக்கப் பழக்கினார். “இடதுகால், இடதுகால், மறக்காதையும்” என்று தடி பிடித்த வாத்தியார் கணக்காக நின்றார். விசாரணையில் பிளேசர் எரிந்த இடம் வந்தபோது எதிரே இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண் துடைத்தாவாம். குணரத்தினத்துக்குக் கேஸ் வென்றுவிட்டது. அன்றைக்குக் கொளுத்தப்பட்ட பிளேசர் எப்படி ஐயா மொன்றியலில் திரும்ப முளைத்தது என்று இன்றுவரை ஒரு சனமும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் மேடைக்கு ஏறும்போது சிலநாள் வலதுகாலையும் நொண்டுகிறார். அதையும் ஒருவரும் கேட்பதில்லை.

எண்பத்தொன்பது மாசியில் அதே படிக்கட்டால் ஒரு ஊன்றுகோல் தட்டித் தட்டி ஏறி வந்தது. மரியதாசன்.

“அண்ணை!” என்று கட்டிப்பிடித்து அழுதான். பனி ஒட்டியிருந்த அவனுடைய உடுப்பு நனைத்து விமலநாதனின் சேர்ட்டும் ஈரமாயிற்று. அவன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பிளேசரில் தொடங்கினான். அதே நகரம், அதே விசாரணைச் சபை, அதே மொழிபெயர்ப்பாளர். ஒரே கதை இரண்டு தரம் போனால் குணரத்தினம் மாட்டுவான், கூடவே எழுதியவரும் மாட்டுவார். அவருடைய கேஸே அப்போது முடிந்திருக்கவில்லை. புஷ்பராணி மூத்தவனைச் சுமந்துகொண்டிருந்தாள்.

“விளையாட்டுக் கதை வேண்டாம் தம்பி. உதை உவங்கள் நம்பமாட்டாங்கள்.”

“நடந்தது அண்ணை. காலைப் பாருங்கோ.”

“நடந்ததையெல்லாம் இஞ்சை சொல்லேலாது. நீ குருநகர் ஆள். மீன்பிடிக்கப் போன இடத்திலை நேவிக்காரன் அடிச்சவன் எண்டு எழுதுவம்.”

மரியதாசன் குருநகரில் பிறந்தானே தவிரக் கடலுக்குப் போனவன் இல்லை. அவனுடைய காலுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதென்று தகப்பனும் கழகத்தாரும் அவனைத் தோணியில் ஏறவே விட்டதில்லை. விசாரணையில் எந்த மீனுக்கு எந்த வலை என்று கேட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. இந்த ஆள் பொய் சொல்கிறார் என்று எழுதி மறுத்துவிட்டார்கள். வாழ்நாளில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆளை, உண்மையிலேயே கால் முறிந்த ஆளை, பொய்யன் என்று முத்திரை குத்தி அனுப்பினார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்று விமலநாதன் சொன்னார். “இல்லை அண்ணை. திரும்பவும் போய் உந்தப் பொய்யைச் சொல்ல என்னாலை ஏலாது” என்று சொல்லிவிட்டு, அவன் தானாகவே ஊருக்குப் போய்விட்டான். போகும்போது, எனக்காக எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று அவருடைய கையைப் பிடித்தான்.

எண்பத்தேழாம் பக்கத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதிய லட்சணம் இதுதான்.

குணரத்தினத்தைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள், ஒரு பெண் தொலைபேசியில் அழைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். செயின்ட்-மிஷேலில் புருசனோடு இருக்கிறாள், கலியாணம் கட்டி வந்து இரண்டு வருடம், ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள். சேர்ட் கையில் மஞ்சள் பெயின்ற் ஒட்டியிருந்தது. காதுகள் இரண்டும் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றன. அதே காதுகளை விமலநாதன் காங்கேசன்துறைக் கப்பலில் கண்டிருக்கிறார்.

“நான் துஷாந்தினி, அங்கிள். குருநகர் மரியதாசன்ரை மகள்.”

பிளாஸ்ரிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதே எண்பத்திரண்டாம் ஆண்டுப் படம். ஆனால் இது மூலப்படம். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவதாக நின்றவனின் காதுகளும் தெரிந்தன.

பிறகு தன் போனைத் திறந்து, பேஸ்புக்கில் வந்த விழா விளம்பரத்தைக் காட்டினாள். அந்தக் கரிப்புள்ளி முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் பிளேசர் போட்ட குணரத்தினம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே ‘அன்றும் இன்றும்’ என்று எழுதியிருந்தது. தூ! விமலநாதனுக்கு அந்தப் போனைத் தொடவே கூசியது.

“அப்பாவுக்கு இதைக் காட்டினனீங்களோ பிள்ளை?”

“ஓம் அங்கிள். அப்பா கோபிக்கேல்லை. விமலநாதன் அண்ணை எழுதிற புத்தகத்திலை பிழை வராது, அவருக்குத் தெரியாமல் ஆரோ உப்பிடிச் செய்திருப்பினம், போய்ச் சொல்லு எண்டு சொன்னவர்.” போனை மடியில் வைத்தாள். “அப்பாவைக் கனடாவிலை பொய்யன் எண்டு எழுதி அனுப்பினவையாம். அந்தக் கடிதத்தை இன்னும் வைச்சிருக்கிறார். அப்பாவின்ரை பேர் ஒரு புத்தகத்திலை உண்மையா வந்திட்டால் காணும் அங்கிள். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.”

புஷ்பராணி தேத்தண்ணியோடு வந்தவள், கோப்பையை வைத்துவிட்டுப் புருசனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விமலநாதன் படத்தை வாங்கிக்கொண்டார். விழாவுக்கு வரச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, ஆனால் அந்தப் பிள்ளை அவரை ஒரு பெரிய மனுசரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. இந்த வயதிலும்!

அவள் போன பிறகு புஷ்பராணி, “இப்பவாவது போடுங்கோ” என்றாள்.

“உனக்கு என்ன தெரியும்?”

“ரெண்டு பேருக்கும் இந்த மேசையிலை தேத்தண்ணி ஊத்தினவள் நான்தான். எனக்குத் தெரியாதோ?”

அன்று பின்னேரமே கணினியைத் திறந்து படத்தை மாற்றினார். மூன்றாவது இடத்தில் ‘பே. மரியதாசன், இடதுபக்க முன்வரிசை, குருநகர்’ என்று எழுதினார். கீழே பதினான்கு வரிகளில் பஸ் தரிப்பையும் பிளேசரையும் காலையும் எழுதினார். எண்பத்தொன்பதில் தான் செய்ததைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. குணரத்தினத்துக்குச் சொல்லாமல் புத்தகத்தின் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினார். அனுப்பி முடித்ததும், பெரிய தியாகம் செய்தவர் மாதிரி மனதுக்குள் ஒரு நிம்மதி. மெத்தப் பெரிய வீரன்தான்!

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபத்தில் பின்னேரம் சாமத்திய வீடு இருந்ததால் மேடையில் ஏற்கனவே தாமரைப் பூ ஊஞ்சல் நின்றது. பத்து மணி என்று போட்டுப் பதினொன்றே காலுக்குத் தொடங்கினார்கள். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை. பேசியவர்களில் ஒருவராவது புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. ஒருவர் விமலநாதனைக் கவிஞர் என்றார். இன்னொருவர் கிரிக்கெட்டைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஒவ்வொரு பேச்சும் முடிய ஒரு பொன்னாடை. சிவப்பில் சரிகை போட்ட ஒன்றின் ஓரத்தில் குழம்புக் கறை இருந்தது. அதே கறையை விமலநாதன் போன வருடம் வேறொரு தோளில் பார்த்திருக்கிறார். போர்த்தப்பட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோவார், அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போர்த்துவார். ஒரே துணி ஊரெல்லாம் பெரிய மனுசரை உண்டாக்கிக்கொண்டு திரிந்தது. எண்ணெய்ச் சட்டியில் றோல்ஸ் பொரியும் மணம் உள்ளே வந்தபோது சனம் நாற்காலிகளில் நெளியத் தொடங்கியது.

முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ளக் குணரத்தினம் பிளேசரோடு நொண்டி நொண்டி மேடைக்கு ஏறினார். அன்றைக்கு இடதுகால்தான், சரியாகவே செய்தார். கமராவுக்கு முன்னால் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சனம் கைதட்டியது. பிறகு மேடை நாற்காலியில் அமர்ந்து எண்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினார். விமலநாதன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவக்கவில்லை, கறுக்கவில்லை. வாசித்தார். பதினான்கு வரியையும் வாசித்தார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு பிளேசரின் பொத்தான்களைக் கழற்றினார்.

விழா முடிந்து சனம் சாப்பாட்டு வரிசைக்குப் பாய்ந்தபோது, குணரத்தினம் வந்து விமலநாதனைக் கையில் பிடித்து மேடைக்குப் பக்கவாட்டில் ஒதுக்கினார். சண்டைக்கு ஆயத்தமாகவே விமலநாதன் நின்றார்.

“உப்பிடி ஒருத்தர் உண்மையா இருந்தவரோ அண்ணை?”

“என்ன?”

“இந்த மரியதாசன். உண்மையான ஆளோ? நீங்கள் கட்டின கதையெண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். படமும் எங்கேயோ பேப்பரிலை வெட்டினது, அதிலை நிக்கிறவன் ஆரோ சிங்களப் பொடியன் எண்டு நினைச்சன்.”

“உமக்கு நான் சொல்லேல்லையோ?”

“எங்கை சொன்னனீங்கள்? இடதுகால் எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள்.” குணரத்தினம் அவருடைய கையை விட்டார். “நான் புழுகன்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. சனம் கைதட்டினது எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா ஒருத்தன்ரை முறிஞ்ச காலைப் போட்டுக்கொண்டு திரியிறன் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பிறகு அந்த ஆள் இஞ்சை வந்தவரோ?”

விமலநாதன் மேடையில் நின்ற தாமரைப் பூ ஊஞ்சலைப் பார்த்தார்.

“வந்தவர்” என்றார் குணரத்தினம், அவருடைய முகத்தைப் பார்த்தே. “சீ... என்ன மனுசன் அண்ணை நீங்கள்!”

பிளேசரைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். நொண்டவில்லை. முப்பத்தெட்டு வருடமாக விமலநாதன் தன் மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்த முகம், இன்று அவருடைய முகத்தில் துப்பிவிட்டுப் போனது.

“அங்கிள்!”

துஷாந்தினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒரு கையில் புத்தகம், மற்றக் கையில் போன், முழங்கையில் ஒரு கடைப் பை. அழுது முடித்த கண். சிரித்துக்கொண்டே வந்தாள்.

“அப்பா லைனிலை நிக்கிறார். படுக்காமல் காத்துக்கொண்டிருந்தவர்.”

போனின் திரையில் மரியதாசன் இருந்தான். தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டிப்போய், அதே காதுகளோடு இருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கடகடத்துக்கொண்டு சுழன்றது.

“அண்ணை, சுகமோ? மகள் எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினவள். அண்டைக்கு அவங்கள் நம்பாட்டிலும் நீங்கள் மறக்கேல்லை, பாத்தியளோ. மகள், நான் சொன்னதைச் செய்.”

அவள் பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்தாள். புதிது. கறையில்லை, கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. இதற்கென்று தேடிப்போய் வாங்கியிருக்கிறாள். அதை விரித்து அவருடைய தோளில் போர்த்தினாள். சரிகை கழுத்தில் உரசியது. பக்கத்தில் றோல்ஸ் தட்டோடு நின்ற இரண்டுபேர் கைதட்டினார்கள்.

ஒரு நன்றி சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். குணரத்தினம் வாய் திறக்கப் போவதில்லை, புஷ்பராணி திறக்கப் போவதில்லை. மரியதாசன் நிம்மதியாகப் படுப்பான், இந்தப் பிள்ளை பஸ்ஸில் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போவாள். நல்ல காரணங்கள்தான். எண்பத்தேழிலும் எண்பத்தொன்பதிலும்கூட அவரிடம் நல்ல காரணங்கள் இருந்தன. விமலநாதனுக்குத் தன்னுடைய உடம்பே நாறுவது போலிருந்தது.

“தம்பி, உன்ரை கதையை அவங்கள் நம்பியிருப்பாங்கள்” என்றார். “நான்தான் உன்னைச் சொல்ல விடேல்லை. நீ வாறதுக்கு ரெண்டு வருசத்துக்கு முதலே, அதை வேறை ஒருத்தருக்கு எழுதிக் குடுத்திட்டன். அதாலை அவருக்குக் கேஸ் வெண்டது. நீ வந்து சொன்னால் நான் பிடிபட்டிருப்பன். அதுதான் உன்னை மீன்காரனாக்கினனான்.”

துஷாந்தினி அவரைப் பார்த்தாள். திரையில் மரியதாசன் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தார் விமலநாதன். ஆனால் பின்னால் மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது.

“பிளேசரையுமோ அண்ணை?”

“ஓம் தம்பி. பிளேசரையும்.”

மரியதாசன் குனிந்து தன் மடியைப் பார்த்தான். பிறகு, “சரி மகள், நான் படுக்கப் போறன்” என்றான். திரை இருண்டது.

துஷாந்தினி போனைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள். புத்தகத்தை நாற்காலியில் வைக்கப் போனவள், அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் செருகினாள். உள்ளே அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. பிறகு அவருக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையாலும் பொன்னாடையைப் பிடித்தாள். விமலநாதன் அவளுக்கு எட்டும்படி தலையைக் குனிந்து கொடுத்தார். அவள் அதை அவருடைய தோளிலிருந்து எடுத்தாள். இழுக்கவில்லை, எறியவில்லை. கடையில் இருந்த மடிப்பின்படியே மடித்தாள், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நாலாக. மடித்ததைப் பைக்குள் வைத்தாள்.

கைதட்டிய இரண்டுபேரும் வாயில் றோல்ஸோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“போறன்” என்றாள் துஷாந்தினி.

கதவால் வெளியேறிப் பஸ் தரிப்புக்கு நடந்தாள். விமலநாதன் அதே இடத்தில் கழுத்தைக் குனிந்தபடி நின்றார். சாப்பாடு முடியப் போகிறது, இன்னும் சாப்பிடாதவர்கள் வரிசைக்கு வாருங்கோ என்று ஒலிவாங்கியில் யாரோ அறிவித்தார்கள்.